நகலின் கடைசிப் பக்கத்தில் ஐந்து தேதிகள்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து வீட்டுக்காரர் அடைக்கப் பார்த்தார். பாதை உரிமையும் தடையாணையும் கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். ஆறு வருஷம் நடந்து, ஜூன் 12-ஆம் தேதி தள்ளுபடி ஆகிவிட்டது. அப்பீலுக்கு வக்கீல் சொன்ன தொகையை என்னால் புரட்ட முடியாது. நானே போட்டால் ஏற்பார்களா? இணையத்தில் இறக்கிய தீர்ப்பு கையில் இருக்கிறது. அதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கோர்ட்டில் விசாரித்தால் தீர்ப்பாணை, மெமோ, ஐ.ஏ., பேட்டா என்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. வழக்கு முடிந்த பிறகு, பக்கத்து மனையின் 1987-ஆம் வருஷப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது. அதைச் சேர்க்கலாமா? அப்பீல் போட்டதும் அவர் சுவர் எழுப்புவது நிற்குமா? என் மூத்த மகன் பி.காம். படித்தவன். எனக்காக அவன் நின்று பேசலாமா?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்:

சகோதரி, தாராளமாக நீங்களே போடலாம். தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. வக்காலத்து தேவையில்லை. மனுவில் உங்கள் பெயருக்குக் கீழே 'நேரில், தனக்காகத் தானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீதான அப்பீல் பெரும்பாலும் உங்கள் பகுதி சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஆங்கிலம் வராதே என்ற கவலை வேண்டாம்.

நான் பதறியது உங்கள் கடிதத்தின் வேறொரு வரியைப் படித்துத்தான். 'இணையத்தில் இறக்கிய தீர்ப்பு கையில் இருக்கிறது' என்கிறீர்கள். அது படிக்க உதவும், அப்பீல் போட உதவாது. அதற்கு நீதிமன்ற முத்திரை வைத்த சான்றிட்ட நகல் வேண்டும். உங்கள் கடிதம் கிளம்பிய நாளில் தீர்ப்பு வந்து பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. நகலுக்கு நீங்கள் இன்னும் மனுவே போடவில்லை என்று தோன்றுகிறது. மற்ற எதையும் பிறகு பார்க்கலாம். இதைப் படித்த மறுநாள் காலை முன்சீப் கோர்ட்டின் நகல் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அங்கே நகல் மனு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அசல் வழக்கு எண், இரு தரப்பின் பெயர், தீர்ப்பு தேதி, 'தீர்ப்புரை, தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகல்' என்ற வரி, உரிய கோர்ட் கட்டண வில்லை. அவ்வளவுதான். மனுவுக்கு ஒரு எண் தருவார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புரை, தீர்ப்பாணை குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நீங்கள் படமெடுத்து அனுப்பிய பதினோரு பக்கம் தீர்ப்புரை. நீதிபதி ஏன் அப்படி முடிவு செய்தார் என்பது அதில் இருக்கும். தீர்ப்பாணை இரண்டு மூன்று பக்கத் தாள்தான். யார் வாதி, யார் பிரதிவாதி, என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை, செலவுத்தொகை எவ்வளவு என்று பட்டியல் போல இருக்கும். அதை எழுதி முடிக்கக் கோர்ட்டுக்குச் சில நாள் ஆகலாம். ஆனாலும் தீர்ப்பு சொன்ன தேதியைத்தான் அது தாங்கி வரும். 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்பீலோடு தீர்ப்புரை நகலை மட்டும் வைத்தாலே சட்டப்படி போதும். இருந்தாலும் இரண்டையும் வாங்கிவிடுங்கள். தாக்கல் பிரிவில் 'தீர்ப்பாணை எங்கே' என்று கேட்டு உங்களைத் திருப்பி அனுப்ப இடம் கொடுக்க வேண்டாம்.

இனி நாள் கணக்கு. உயர் நீதிமன்றம் அல்லாத மற்ற நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள்தான் கெடு. தீர்ப்பு சொன்ன நாளைச் சேர்க்க வேண்டாம். ஆக உங்களுக்கு ஜூலை 12 வரை. நகல் எடுக்க ஆகும் காலத்தை இதிலிருந்து கழித்துக் கொடுக்கிறது காலவரையறைச் சட்டம். அந்தக் காலம் எவ்வளவு என்று காட்டுவதுதான் சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கம். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகலைக் கொடுத்த நாள் என்று ஐந்து தேதிகளை முத்திரைக்குள் கையால் எழுதித் தருவார்கள். நானெல்லாம் கட்சிக்காரர் கட்டைப் பிரித்ததும் தீர்ப்பின் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டேன், அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

ஜூன் 26-இல் நீங்கள் மனு கொடுத்து, கட்டணம் கேட்ட மறுநாளே கட்டி, ஜூலை 8-இல் நகல் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரு நாளையும் சேர்த்து எண்ணினால் 13 நாள். ஜூலை 12-உடன் 13-ஐக் கூட்டினால் ஜூலை 25. அதுதான் உங்கள் கடைசி நாள். இதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். நகல் தயாரான நாளோடு சலுகை முடிந்துவிடும். பத்து நாள் கழித்துப் போய் வாங்கினால் அந்தப் பத்தும் உங்கள் கணக்கில்தான் விழும். கட்டணம் கேட்ட பிறகு நீங்கள் கட்டாமல் இழுத்த நாளுக்கும் சலுகை கிடையாது. அப்புறம், 30 நாள் முடிந்த பிறகு நகல் மனு போட்டால் கழித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

கட்டணம் கேட்பது என்றால் உங்களுக்குத் தொலைபேசி வராது. எந்தெந்த மனுவுக்கு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனுவை அடித்துவிடுவார்கள். ஜூனியராக இருந்த முதல் வருஷத்தில் எனக்கே இது நடந்தது. சீனியர் 'பலகையைப் பார்த்துவிட்டு வா' என்று அனுப்பிய அன்று நான் டீக்கடையில் நின்றுவிட்டேன். திங்கட்கிழமை போனால் எங்கள் எண்ணின் மேல் சிவப்பு மையில் கோடு. சீனியர் திட்டவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் அதற்கான பிரமாணப் பத்திரத்தையும் என்னையே எழுதச் சொன்னார். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் எழுதும்போதுதான் அந்த டீயின் விலை தெரிந்தது.

உங்களுக்கும் கெடு தாண்டிவிட்டால் கதவு மூடிவிடாது. அந்தத் தாமத மன்னிப்பு மனுவை அப்பீலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். 'உடல்நலம் சரியில்லை' என்று மொட்டையாக எழுதாமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன சிகிச்சை, என்ன சீட்டு என்று காட்ட வேண்டும். ஆனால் உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வரவிடவும் வேண்டாம்.

நகல் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். பழைய வக்கீலிடம் போய் வழக்குக் கட்டைக் கேட்டு வாங்குங்கள். பிராது (நீங்கள் முதலில் கொடுத்த வழக்கு மனு) நகல், எதிருரை, சான்றாவணங்கள், சாட்சிகளின் வாக்குமூலம், ஆணையர் அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சண்டை போட வேண்டியதில்லை, மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

மெமோ என்பது அப்பீல் மனுதான். அதில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்: நடந்த கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்வார்கள். ஒரு பெரியவர் நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். தாத்தா நிலம் வாங்கியது, சித்தப்பா ஏமாற்றியது, பஞ்சாயத்தில் நடந்த தகராறு எல்லாம் இருந்தது. எழுத்து அருமை. ஆனால் தீர்ப்பில் என்ன தவறு என்று ஒரு வரி இல்லை. மேல்முறையீட்டு நீதிபதிக்கு முன்னால் கீழ்க் கோர்ட்டின் முழுக் கட்டும் வந்துவிடும். கதை அவருக்கு அதிலேயே கிடைத்துவிடும். எந்தப் பத்தியில், எந்தச் சான்றைப் பார்க்காமல், எந்த முடிவுக்குப் போனார்கள் என்று நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டும்.

உங்கள் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். பத்தி 9-இல், கோர்ட் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் இடத்தைப் பார்த்து அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்தார் என்று இருக்கிறது. பாதையில் பழைய வண்டித் தடம் இருப்பதாக ஆணையர் எழுதியதும் அங்கேயே வருகிறது. அப்புறம் அந்த அறிக்கை காணாமல் போய்விடுகிறது. பத்தி 14-இல், 'வாதி தன் தாய்மாமனைத் தவிர வேறு சாட்சியை விசாரிக்கவில்லை, ஆகவே 20 ஆண்டுப் பயன்பாடு நிரூபிக்கப்படவில்லை' என்று முடித்துவிட்டார்கள். ஆணையரின் அறிக்கை வழக்கில் சாட்சியம் என்றே நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதை ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் பேசாமல் தாண்டக் கூடாது. உங்கள் முதல் காரணம் இதுதான். இப்படி எழுதலாம்:

'ஆணையர் அறிக்கையில் வழக்குப் பாதையில் வண்டித் தடம் காணப்படுவதாகக் கூறப்பட்டிருந்தும், கீழமை நீதிமன்றம் அதைப் பரிசீலிக்காமல், பத்தி 14-இல் பயன்பாடு நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு செய்தது தவறு.'

இரண்டாவது காரணம் சாட்சி பற்றியது. உறவினர் என்பதற்காக மட்டும் ஒரு சாட்சியைத் தள்ள முடியாது. இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கையும் சாட்சியச் சட்டத்தில் இல்லை. உங்கள் தாய்மாமன் குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார் என்று வாக்குமூலத்தைப் படியுங்கள். பாதையைப் பற்றி அவரை எதிர்த்தரப்பு அசைக்க முடியவில்லை என்றால் அதைப் பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். மூன்றாவதாக, பிரதிவாதியே தன் குறுக்கு விசாரணையில் 'அறுப்புக் காலத்தில் வண்டி போகும்' என்று ஒப்புக்கொண்டதாகப் பத்தி 11-இல் ஒரு வரி வருகிறது. நீங்கள் அதைக் கவனித்தீர்களா தெரியவில்லை. எனக்குக் கிடைத்திருந்தால் இதைத்தான் முதலில் வைத்திருப்பேன். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. பாதை உரிமை 20 ஆண்டில் பழுக்க வேண்டுமானால், அனுமதி கேட்டுப் போனதாக இல்லாமல், உரிமையோடு, வெளிப்படையாக, தடையில்லாமல் போயிருக்க வேண்டும். 'நாங்கள்தான் பாவம் என்று விட்டோம்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். உங்கள் பிராதில் 'உரிமையோடு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

காரணங்கள் எண் போட்டுத் தனித்தனியாக இருக்கட்டும், ஆறோ ஏழோ போதும். நீதிபதியைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாக எழுதாதீர்கள். 'எதிராளிக்குச் சாதகமாக நடந்துகொண்டார்' என்று எழுதினால் உங்கள் மனம் ஆறலாம், ஆனால் வழக்குக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. பிரதிவாதிகள் எல்லோரையும் எதிர்மேல்முறையீட்டாளராகக் காட்டுங்கள். அவர்களில் யாராவது இறந்திருந்தால் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். இறந்தவர் பேரில் போட்ட அப்பீல் நிற்காது.

இந்தக் கட்டத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கதிகளை முழுதாகத் திரும்ப அலசும் கடைசி இடம் இந்த முதல் அப்பீல்தான். இதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்தைப் பற்றிய முக்கியமான கேள்வி இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். 'வண்டித் தடம் இருந்தது' என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. முதல் மேல்முறையீட்டில் எல்லாப் பிரச்சினையையும் சான்றுகளோடு பரிசீலித்துக் காரணம் எழுத வேண்டும் என்று சந்தோஷ் ஹசாரி வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே இப்போது எழுதாமல் விட்ட காரணத்தைப் பிறகு கோர்ட்டின் அனுமதியோடுதான் பேச முடியும்.

கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் அப்பீல் கட்டணம் என்பது, அப்பீலில் இருக்கும் விஷயத்துக்கு முதல் கோர்ட்டில் கட்டிய அதே அளவுதான். உங்கள் பிராதின் கடைசிப் பக்கங்களில் மதிப்பீட்டுப் பத்தி இருக்கும். அதில் பாதை உரிமைக்கு இவ்வளவு, தடையாணைக்கு இவ்வளவு என்று மதிப்புப் போட்டு, கட்டிய கட்டணமும் எழுதியிருக்கும். அந்தப் பத்தியை அப்படியே அப்பீல் மனுவிலும் எழுதுங்கள். பேட்டா என்பது எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பும் செலவு. அதைக் கோர்ட் சொல்லும் நாளுக்குள் கட்டாவிட்டால் அப்பீலே தள்ளுபடி ஆகக்கூடும்.

சுவர் விஷயத்தில் நீங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்பீல் போட்டதால் எதுவும் தானாக நிற்காது. வழக்கு நடந்தபோது உங்களுக்கு இடைக்காலத் தடை இருந்திருந்தால் அதுவும் தள்ளுபடியோடு போயிற்று. 'தீர்ப்பை நிறுத்தி வையுங்கள்' என்று கேட்டும் பயனில்லை, ஏனென்றால் உங்கள் வழக்கைத் தள்ளிய தீர்ப்பில் நிறுத்திவைக்க எதுவும் இல்லை, செலவுத்தொகை இருந்தால் அது மட்டும்தான். நீங்கள் போட வேண்டியது ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு: அப்பீல் முடியும்வரை பாதையை அடைக்கக் கூடாது என்று புதிதாகத் தடையாணை கேட்கும் மனு. அதோடு ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். அதில் அவசரத்தைத் தேதியோடு எழுதுங்கள். 'செங்கல் இறக்கியிருக்கிறார்' என்றால் எந்தத் தேதியில் எத்தனை லோடு, அதன் புகைப்படம். இதை அப்பீலோடு ஒரே நாளில் கொடுங்கள்.

1987-ஆம் ஆண்டுப் பத்திரம் நல்ல சரக்கு. நான்கெல்லையில் 'பொது வண்டிப்பாதைக்கு மேற்கு' என்று அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கு வராத காலத்தில் மூன்றாம் மனிதர் எழுதிய எல்லை என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அப்பீலில் புது ஆவணம் சேர்ப்பது உரிமை கிடையாது, அனுமதிதான். தக்க முயற்சி எடுத்தும் விசாரணையின்போது கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அது கிடைத்த கதையைத் தேதியோடு தனி ஐ.ஏ. போட்டுச் சொல்லுங்கள். 'அப்போதே இருந்தது, கொடுக்க மறந்துவிட்டோம்' என்று எழுதினால் மனு அங்கேயே முடிந்தது.

எல்லாவற்றையும் கட்டித் தாக்கல் பிரிவில் கொடுத்தால் உடனே நம்பர் ஆகிவிடாது. சரிபார்த்துக் குறை இருந்தால் மனுவின் முதுகில் எழுதித் திருப்புவார்கள். இதை 'ரிட்டர்ன்' என்பார்கள். பக்க எண் போடவில்லை, எதிர்த்தரப்புக்கான நகல் போதவில்லை, வில்லை குறைவு என்று இருக்கும். இதைக் கண்டு பயப்படாதீர்கள். முப்பது வருஷம் தொழில் செய்தவர்களின் மனுவும் திரும்பி வரும். ஆனால் சரிசெய்து திரும்பக் கொடுக்கக் கெடு எழுதியிருப்பார்கள். அது தாண்டினால் அதற்கும் ஒரு தாமத மனு போட வேண்டும். இ-ஃபைலிங்கும் செய்ய வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். வேண்டும் என்றால் வளாகத்தின் இ-சேவை மையத்தில் உதவுவார்கள்.

இவ்வளவையும் சொன்னது நீங்கள் கேட்டதற்காக. நான் கேட்காமல் சொல்வது ஒன்று: உங்களுக்கு வக்கீல் இலவசமாகக் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவின்படி, பெண் என்ற ஒரே தகுதி போதும். வருமானச் சான்று தேவையில்லை. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுங்கள். வக்கீலை நியமிப்பதோடு கோர்ட் கட்டணம், நகல் செலவு ஆகியவற்றுக்கும் அங்கே உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். இலவசம் என்றால் அக்கறையாகப் பார்க்க மாட்டார்களோ என்று பலரும் கேட்கிறார்கள். நல்லவரும் உண்டு, அசிரத்தையானவரும் உண்டு, பணம் வாங்குகிறவர்களிலும் அப்படித்தானே. உங்களுக்குக் கட்டு புரிந்திருந்தால் எந்த வக்கீலையும் வேலை வாங்கலாம். ஆனால் நியமனம் வரும்வரை நகல் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

மூத்த மகனைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் அதிகாரப் பத்திரம் ('பவர்') எழுதிக் கொடுத்தால் அவர் உங்கள் சார்பில் மனுவில் கையெழுத்துப் போடலாம், தாக்கல் செய்யலாம், நகல் வாங்கலாம். எழுந்து நின்று வாதாடுவது வேறு. வக்கீல் அல்லாதவர் அடுத்தவருக்காக வாதாட, அந்தந்த வழக்குக்கு நீதிபதி அனுமதி கொடுக்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். நீங்கள் பேசுங்கள், அவர் பக்கத்தில் நின்று பக்கம் எடுத்துக் கொடுக்கட்டும். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். வாய்தா தேதிகளை அவரிடம் ஒப்படையுங்கள், ஒரு நாள் போகாமல் விட்டால் வராததற்காகவே அப்பீல் தள்ளுபடி ஆகும். அதைத் திரும்பக் கோப்பில் எடுக்க மனுப் போட 30 நாள்தான் இருக்கிறது. நாளைக்கு நகல் பிரிவுக்கும் அவரையே கூட்டிப் போங்கள், பலகையைப் பார்க்கும் வேலை அவருடையதாக இருக்கட்டும்.